விலக்கப்பட்ட பெற்றோருக்கான ஆலோசனையும் வழக்குச் செலவும்

விலக்கப்பட்ட பெற்றோர் என்பது, கணவனும் மனைவியும் பிரிந்து வாழும்போதோ மணமுறிவு வழக்கு நடக்கும்போதோ, குழந்தையைத் தம்மிடம் வைத்திருக்கும் ஒருவரின் சொல்லாலும் செயலாலும் அக்குழந்தையின் அன்பையும் தொடர்பையும் இழந்து நிற்கும் தாயை அல்லது தந்தையைக் குறிக்கும். தாத்தா, பாட்டி, மாமன், அத்தை போன்ற உறவினரின் பங்கும் இதில் பெரும்பாலும் இருக்கும். இந்நிலையில் உள்ள ஒருவருக்குத் தமிழ்நாட்டில், குறிப்பாகத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், கிடைக்கக்கூடிய ஆலோசனை, சட்ட உதவி, அவற்றுக்கு ஆகும் செலவு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இவ்வழக்குகளில் செலவு என்றவுடன் வழக்கறிஞர் கட்டணமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆலோசனைக்கும் சட்ட உதவிக்கும் கட்டணமில்லாத வழிகள் பல உள்ளன. காலத்தை ஈடுசெய்ய மட்டும் வழியில்லை. பெற்றோரில் ஒருவரைக் காணாமலேயே ஓராண்டு வளர்ந்த குழந்தை, அடுத்த ஆண்டில் அவரைக் காண விரும்பாமல் போகக்கூடும். அந்த விருப்பமின்மையே பின்னர் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சான்றாகவும் அமைந்துவிடும்.

சொல்லும் சர்ச்சையும்

1985 ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்டு கார்ட்னர், பிரிந்த பெற்றோரில் ஒருவர் மற்றவருக்கு எதிராகக் குழந்தையின் மனத்தைத் திருப்புவதால் ஏற்படும் நிலைக்குப் "பெற்றோர் விலக்க நோய்க்குறி" என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினார். இப்பெயர் பல நாட்டு நீதிமன்றங்களிலும் பரவியது. கடும் எதிர்ப்பையும் சந்தித்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இது ஒரு நோயாகச் சேர்க்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில் சொல்லடைவில் மட்டும் இடம்பெற்றிருந்த இச்சொல்லை 2020 ஆம் ஆண்டில் நீக்கியது. வீட்டில் வன்முறை நடந்ததாகக் கூறும் தாய்மார்களுக்கு எதிராக இக்கருத்து பயன்படுத்தப்படுகிறது என்று, பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் 2023 ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை சுட்டிக்காட்டியது.

ஆகவே இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தையிடம் பொய் சொல்லுதல், சந்திப்பு நாளில் ஊரைவிட்டு வெளியேறுதல், தொலைபேசியை எடுக்காதிருத்தல், பள்ளிப் பதிவேட்டில் மற்றவரின் பெயரை நீக்குதல் போன்ற செயல்கள் உண்மையிலேயே நடக்கின்றன. அவற்றின் விளைவை ஒரு நோயாகக் கருதலாமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. அடி, குடி, மிரட்டல் ஆகியவற்றைக் கண்ணால் கண்ட குழந்தை ஒருவரை ஒதுக்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அது விலக்கமன்று, அச்சம்.

இந்திய நீதிமன்றங்களும் இந்த வேறுபாட்டைப் படிப்படியாகவே வந்தடைந்தன. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தொடர்பான வழக்கில் மேற்கண்ட நோய்க்குறியைப் பெயர் சொல்லியே விவாதித்தது. அச்சிறுமி பல ஆண்டுகள் தந்தையிடம் வளர்ந்ததால் தாயைவிட்டு விலகியிருந்தாள். அவளது அப்போதைய விருப்பத்தை மட்டும் கணக்கில் கொள்வது சரியன்று என்று கருதிய நீதிமன்றம் தாயிடம் பொறுப்பை அளித்தது. 2024 மே மாதத்தில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், பெற்றோரில் ஒருவர்மீது இம்முத்திரையை அவசரப்பட்டுக் குத்தக்கூடாது என்றும், விலக்கும் நோக்குடைய தனித்தனிச் செயல்கள் எவையென்று முதலில் கண்டறிய வேண்டும் என்றும் எச்சரித்தது.

மனு எழுதுவோருக்கு இதில் நடைமுறைப் பாடம் உண்டு. "எதிர்மனுதாரர் குழந்தைக்கு நோய்க்குறியை உண்டாக்கிவிட்டார்" என்னும் ஒரு வரியைவிட, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எங்கே காத்திருந்தார், குழந்தை ஏன் அழைத்து வரப்படவில்லை, என்ன காரணம் சொல்லப்பட்டது என்ற பத்து வரிகள் பயனுடையவை. அவற்றை எழுத வல்லுநர் எவரும் தேவையில்லை; ஒரு நாட்குறிப்பு போதும்.

சென்னையில் நடந்த பழைய வழக்கு

பெயர் புதிதானாலும் சிக்கல் பழையது. பின்னாளில் மெய்யியலாளராகப் புகழ்பெற்ற ஜிட்டு கிருஷ்ணமூர்த்தியும் அவருடைய தம்பி நித்தியானந்தாவும் சிறுவர்களாக இருந்தபோது அவர்களுக்காக நடந்த வழக்கு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தாயை இழந்த அவ்விருவரும் 1909 ஆம் ஆண்டில் தந்தை நாராயணையாவுடன் அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு வந்தனர். 1910 மார்ச் மாதத்தில் தந்தை ஒரு கடிதத்தின் மூலம் அன்னி பெசண்ட் அம்மையாரை அவர்களுக்குக் காப்பாளராக ஏற்றார். பின்னர் கருத்து வேறுபாடு முற்றியது. 1912 இல் சிறுவர்கள் இங்கிலாந்தில் தங்கவைக்கப்பட்ட பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் தந்தை செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தைக்காகச் சி. பி. இராமசாமி ஐயர் வாதாடினார். அன்னி பெசண்ட் தமக்காகத் தாமே வாதாடினார்.

1913 ஏப்ரலில் நீதியரசர் பேக்வெல் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். எனினும், அவர் சுமத்திய குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்படாததால் வழக்குச் செலவு அவர் தலையிலேயே விழுந்தது. மேல்முறையீட்டில் செலவு குறித்த பகுதி மாற்றப்பட்டாலும் தீர்ப்பு நிலைத்தது. 1914 மே மாதத்தில் இலண்டன் பிரிவி கவுன்சில் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. சிறுவர்கள் செங்கற்பட்டு மாவட்டத்தில் வழக்கமாக வசிப்பவர்கள் அல்லர் என்பதும், அவர்களுடைய விருப்பம் அறியப்படவில்லை என்பதும் காரணங்களாயின. காப்பாளர் பொறுப்பைத் தந்தை நிலையாகப் பிறருக்கு மாற்றித்தர முடியாது, ஒப்படைத்ததைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு என்ற கொள்கை அத்தீர்ப்பில் ஏற்கப்பட்டது. அதனால் நாராயணையாவுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. வழக்கு முடிந்தபோது மூத்த மகனுக்கு ஏறத்தாழ 19 வயது.

குழந்தை எங்கே வசிக்கிறது, எந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது, குழந்தையின் விருப்பத்துக்கு என்ன மதிப்பு, குற்றச்சாட்டை மிகைப்படுத்தினால் செலவு யாரைச் சேரும் என்ற நான்கு கேள்விகளும் இன்றைய குடும்ப நீதிமன்ற வழக்குகளிலும் எழுகின்றன.

சட்ட அடிப்படை

இந்தியாவில் இவ்வழக்குகளுக்கு 1890 ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டமே பொது அடிப்படை. இந்துக்களுக்கு 1956 ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் பொருந்தும். பிந்தைய சட்டத்தின் 6 ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது. தந்தைக்கும் அவருக்குப் "பின்" தாய்க்கும் இயற்கைக் காப்பாளர் உரிமை என்று அப்பிரிவில் இருப்பதை, எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், தந்தையின் மறைவுக்குப் பின் என்று மட்டுமல்லாது, அவர் பொறுப்பை ஏற்காத நிலையிலும் எனப் பொருள் கொண்டது. 13 ஆம் பிரிவு எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனை வைக்கிறது. பிற சமயத்தினருக்கு அவரவர் தனிச்சட்டங்கள் உண்டு எனினும் நலன் என்ற அளவுகோல் எங்கும் ஒன்றே.

1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, அறிந்து தெரிவிக்கும் வயதுள்ள குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கிறது. வயது ஏற ஏற அவ்விருப்பத்தின் எடையும் ஏறும். ஐந்து வயதில் வழக்குத் தொடுத்து, பதினொரு வயதில் தீர்ப்புப் பெறும் பெற்றோரின் நிலை இதனால்தான் கடினமாகிறது. வளர்ந்து பழகிய இடத்திலிருந்து குழந்தையைப் பிடுங்கி நடக்கூடாது என்ற நியாயமும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். எனவே முதன்மை மனுவுடன் இடைக்காலச் சந்திப்பு கோரும் மனுவையும் ஒருங்கே தாக்கல் செய்வதே வழக்கறிஞர்கள் பெரும்பாலும் கூறும் அறிவுரை. 12 ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது.

குழந்தைப் பொறுப்பு குறித்த ஆணை எதுவும் இறுதியானதன்று. நிலைமை மாறினால் ஆணையும் மாறலாம். சென்னையைச் சேர்ந்த இணையர் ஒருவரின் வழக்கில் 1973 ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கி, குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருள்களோ அல்லர் என்ற கருத்தையும் வலியுறுத்தியது. முதல் சுற்றில் தோற்றவர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். வென்றவரும்தான்.

பெற்றோர் இருவருடனும் தொடர்பில் இருப்பது குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9 ஆம் உறுப்பு கூறுகிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதனை ஏற்றது. இந்தியச் சட்ட ஆணையம் 2015 மே மாதம் அளித்த 257 ஆவது அறிக்கையில் இருவரும் பொறுப்பைப் பகிரும் முறையைச் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் ஆலோசனை

திருவெள்ளறை, திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், மண்ணச்சநல்லூர் வட்டத்தில் அமைந்த ஊர். அவ்வூரில் வசிக்கும் ஒருவரின் குழந்தை திருவரங்கத்தில் தாத்தா வீட்டில் வளர்கிறது எனக் கொள்வோம். 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9 ஆம் பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே மனு அளிக்க வேண்டும். இவ்வெடுத்துக்காட்டில் அது திருச்சிராப்பள்ளி. அங்கே குடும்ப நீதிமன்றம் உள்ளது. குடும்ப நீதிமன்ற எல்லைக்குள் வராத ஊர்களுக்கு மாவட்ட நீதிமன்றம் பொறுப்பாகும். அதே குழந்தை சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே பள்ளியில் சேர்க்கப்பட்டுவிட்டால், மனுதாரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவ்வூருக்குப் பயணம் செய்ய நேரிடலாம். தாமதத்தின் விலைக்கு இது முதல் எடுத்துக்காட்டு.

முதலில் அணுகத்தக்க இடம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் இவ்வமைப்பு 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி அமைந்தது. வழக்கறிஞரை அமர்த்தித் தருவதுடன் நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், ஆவணம் தயாரிக்கும் செலவு ஆகியவற்றையும் ஏற்கிறது. சட்டத்தின் 12 ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் முதலானோர் வருமான வரம்பின்றி இவ்வுதவிக்கு உரியவர்கள். மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமான வரம்பு 3,00,000 ரூபாய். ஆகவே விலக்கப்பட்ட தாய் எவரும் கட்டணமின்றி வழக்கு நடத்தலாம். விலக்கப்பட்ட தந்தைக்கு வருமானம் குறுக்கே நிற்கலாம். ஆண்கள் சிலர் இதனை ஓரவஞ்சனை என்பர். தமக்கெனத் தனி வருமானமோ சொத்தோ இல்லாத பெண்கள் மிகப் பலராக இருக்கும் நாட்டில் இவ்விதிக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. எனினும் மாதம் 26,000 ரூபாய் ஈட்டும் தந்தை ஒருவர் வரம்பைத் தாண்டிவிடுகிறார் என்பதும் உண்மையே. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. இதில் வருமான வரம்பு பார்க்காமல் தொடக்கநிலை ஆலோசனை பெறலாம்.

குடும்ப நீதிமன்றத்திலேயே ஆலோசகர்கள் உள்ளனர். 1984 ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 6 ஆம் பிரிவில் அவர்களை நியமிக்கவும், 12 ஆம் பிரிவில் மருத்துவ, சமூகநல வல்லுநர்களின் உதவியை நாடவும் வழி செய்கிறது. இதற்குக் கட்டணமில்லை. ஆலோசகரிடம் பேசுவது வேறு, சமரசரிடம் பேசுவது வேறு என்பதைப் பலர் அறியார். சமரசப் பேச்சில் கூறியவை மந்தணமானவை. ஆனால் குழந்தையின் மனநிலை பற்றி ஆலோசகர் அளிக்கும் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஆலோசகரின் அறையில் எதிர்த் தரப்பைத் திட்டித் தீர்ப்பது மனுதாரருக்கே கேடாக முடியும். குழந்தையின் படிப்பு, உடல்நலம், பழக்கவழக்கம் பற்றிப் பேசுவதே பொருத்தம்.

சமரச மையம் மூன்றாவது வழி. நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கப்பட்டது. பின்னர் மாவட்டங்களுக்கும் பரவியது. இங்கும் கட்டணமில்லை. குழந்தையை எந்த நாளில் எங்கே பார்ப்பது, பொங்கல், தீபாவளி விடுமுறை யாரிடம், காதுகுத்துக்கு யார் யார் வருவது என்பன போன்ற, தீர்ப்பில் எழுதப்படாத நுணுக்கங்களை இங்கேதான் பேசி முடிக்க முடியும்.

வழக்கு ஒருபுறமிருக்க, குழந்தையைப் பிரிந்த பெற்றோருக்கு மனநல உதவியும் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதலில் 1997 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. நகரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய "டெலி மானஸ்" சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழில் பேசலாம். மனநல உதவியை நாடியதாலேயே ஒருவர் குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவராக மாட்டார். இவ்வச்சத்தாலேயே பலர் மருத்துவமனைப் பக்கம் செல்வதில்லை.

செலவு

நீதிமன்றக் கட்டணம் மொத்தச் செலவில் மிகச் சிறிய பகுதி. வழக்கறிஞர் கட்டணத்துக்கு நிலையான அட்டவணை இல்லை. சிலர் வழக்கு முழுமைக்கும், சிலர் கட்டங்கட்டமாகவும், சிலர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெறுகின்றனர். வாய்தாக் கணக்கில் பேசினால் ஒத்திவைப்பு ஒவ்வொன்றும் கட்சிக்காரரின் செலவே. எந்த முறை, மேல்முறையீடு அதில் சேருமா, இடைக்கால மனுக்களுக்குத் தனிக் கட்டணமா என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. வழக்கின் வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமையன்று என்று 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு கூறுகிறது. நடைமுறையில் நீதிமன்றம் அனுமதி அளிக்கிறது. தாமே வாதாடுவதற்கும் தடையில்லை.

இந்துத் திருமணச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு, போதிய வருமானம் இல்லாத தரப்பு மற்றத் தரப்பிடமிருந்து இடைக்காலப் பராமரிப்புடன் வழக்குச் செலவையும் கோர வழி செய்கிறது. இது கணவனுக்கும் மனைவிக்கும் பொது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, பராமரிப்பு கோரும் வழக்குகளில் இரு தரப்பும் தத்தம் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றை உறுதிமொழி ஆவணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். சமரசத்தில் முடிந்தால், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின்படி செலுத்திய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். கட்சிக்காரர்கள் தமக்குள்ளேயே பேசி முடித்த வழக்குக்கும் இது பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியதை 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

தோற்ற தரப்பிடமிருந்து செலவு முழுவதையும் பெறலாம் என்று நம்பி வழக்கில் இறங்குவது தவறு. பொய் வழக்காடியதற்காக உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-அ பிரிவுப்படி விதிக்கத்தக்க ஈட்டுத்தொகையின் உச்சவரம்பே 3,000 ரூபாய்தான்.

நாட்கூலி பெறுவோருக்கு உண்மையான செலவு வேறு. திருவெள்ளறையிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம், அங்கிருந்து நீதிமன்றம் என்று இருமுறை பேருந்து ஏறி, பெயர் கூப்பிடும்வரை காத்திருந்து, ஒத்திவைப்புத் தேதியுடன் திரும்பும் ஒருவர் அன்றைய கூலியை இழக்கிறார். மேல்முறையீடு என்றால் மதுரை. 2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்படும்வரை இம்மாவட்டத்தினர் சென்னைக்கே செல்ல வேண்டியிருந்தது. குடும்ப நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். இடைக்கால ஆணைகளுக்குப் பொதுவாக மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுவே வழி.

சந்திப்பு மறுக்கப்படுவதால் பராமரிப்புத் தொகையை நிறுத்திவிடுவோர் உண்டு. இதனினும் தவறான சிக்கனம் வேறில்லை. தொகை குழந்தைக்கு உரியது என்பதால் நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்பதில்லை. மேலும், "அப்பா பணம்கூடத் தரவில்லை" என்று குழந்தையிடம் சொல்ல எதிர்த் தரப்புக்கு ஓர் உண்மையும் கிடைத்துவிடுகிறது.

சந்திப்பும் ஆணை மீறலும்

சந்திப்பு நீதிமன்ற வளாகத்திலோ, பொது இடத்திலோ, பெற்றோரின் இல்லத்திலோ நிகழலாம். சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் இதற்கெனக் குழந்தைகள் மையம் உண்டு. நேரில் பார்க்க இயலாதபோது காணொளி அழைப்பு வழியாகப் பேசுவதும் தொடர்பு உரிமையின் பகுதியே என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. கைப்பேசி வைத்திருப்பவருக்குச் செலவில்லாத வழி இது. ஆணையில் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தால்தான் மீறலை மெய்ப்பிக்க முடியும். "வசதிப்படி பேசலாம்" என்ற சொற்றொடர் எவருக்கும் உதவாது.

சந்திப்புக்கு வரும் முன்னாள் துணையை விருந்தினராக நடத்திச் சிற்றுண்டி அளிக்க வேண்டும் என்ற பொருளில் 2022 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் ஆணையிட்டது பரவலாகப் பேசப்பட்டது. சந்திப்பு குழந்தைக்கானதேயன்றிப் பெற்றோர் ஒருவரையொருவர் உபசரிப்பதற்கன்று என்ற நோக்கில் அதே ஆண்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவ்வாணையை நீக்கியது.

ஆணையை மீறுவோர்மீது எடுக்கத்தக்க நடவடிக்கை, ஏட்டில் உள்ள அளவுக்குக் கடுமையாக நடைமுறையில் இல்லை. 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு, குழந்தையை ஒப்படைக்கத் தவறுபவருக்கு 100 ரூபாய் வரை தண்டமும், தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம் மொத்தம் 500 ரூபாய் வரையும் விதிக்கிறது. அன்று பெருந்தொகையாயிருந்த இது இன்றும் திருத்தப்படவில்லை. ஒப்படைக்க உறுதி கூறும்வரை உரிமையியல் சிறையில் வைக்கும் அதிகாரமும் அப்பிரிவிலேயே உண்டு. ஆனால் குழந்தையை வளர்க்கும் தாயையோ தந்தையையோ சிறைக்கு அனுப்ப நீதிபதிகள் தயங்குவது இயல்பு. அப்படி அனுப்பினால் குழந்தையின் மனத்தில் மற்றவர் மேலும் கெட்டவராவார். நிறைவேற்றுதல் மனு, நீதிமன்ற அவமதிப்பு மனு, பொறுப்பையே மாற்றக் கோரும் மனு ஆகியன மற்ற வழிகள். நடைமுறையில் கடைசி மனுவே எதிர்த் தரப்பை அசைப்பது.

குழந்தை சட்டத்துக்குப் புறம்பாக ஒருவர் பிடியில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம் என 2019 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. விரைவானது எனினும், விரிவான விசாரணை தேவைப்படும் வழக்குகளை உயர் நீதிமன்றம் குடும்ப நீதிமன்றத்துக்கே திருப்பிவிடும். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என முடிவு செய்யும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை.

தனியார் ஆலோசகர்கள்

மேலைநாடுகளில் விலக்கப்பட்ட பெற்றோருக்கென மணிக்கணக்கில் கட்டணம் பெறும் ஆலோசகர்கள் உள்ளனர். வழக்குக்கு ஆயத்தமாதல், குழந்தைக்குக் கடிதம் எழுதுதல், சந்திப்பில் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றில் இவர்கள் பயிற்சி அளிக்கின்றனர். இத்தொழிலுக்குத் தனித் தகுதியோ உரிமமோ பல இடங்களில் கிடையாது. இணையவழியே இந்தியாவிலும் இச்சேவை பரவி வருகிறது.

இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். நீதிமன்றத்தில் தொழில்முறையாக வாதாட 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஒருவரின் "சான்றிதழுக்கு" நீதிமன்றத்தில் மதிப்பில்லை. குழந்தையைப் பார்க்காமலேயே, ஒரு தரப்பின் சொல்லை மட்டும் கேட்டுத் தரப்படும் அறிக்கை, பதிவு பெற்றவர் தந்ததாயினும் குறுக்கு விசாரணையில் நிற்காது. இத்தகைய அறிக்கைக்குப் பணம் கொடுப்பதைவிட, 12 ஆம் பிரிவின்கீழ் வல்லுநர் ஒருவரை நியமிக்குமாறு நீதிமன்றத்தையே கோருவது சிறந்தது. இணையத்தளங்கள் வழியே வழக்கறிஞர்கள் விளம்பரம் தேடுவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்திய வழக்கறிஞர் மன்றத்துக்கு ஆணையிட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

வெளிநாடுவாழ் தமிழர்

பெற்றோரில் ஒருவர் குழந்தையுடன் நாடு விட்டு நாடு சென்றுவிட்டால் சிக்கல் பன்மடங்காகிறது. அனைத்துலகக் குழந்தைக் கடத்தல் குறித்த 1980 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. இலங்கையில் அது 2001 டிசம்பர் முதலும், சிங்கப்பூரில் 2011 மார்ச் முதலும் நடைமுறையில் உள்ளது. எனவே சிங்கப்பூரில் வளர்ந்த குழந்தை திருச்சிராப்பள்ளிக்கு அழைத்து வரப்பட்டால், உடன்படிக்கையின்வழி விரைவாகத் திருப்பி அனுப்பும் முறை பொருந்தாது. குழந்தையின் நலனை இந்திய நீதிமன்றம் தானே ஆராயும். வெளிநாட்டு நீதிமன்றத்தின் ஆணை கருத்தில் கொள்ளப்படும் ஒரு கூறு மட்டுமே.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2013 ஏப்ரலுக்குப் பிறகு, வீட்டு வன்முறைக்குச் சான்று உள்ளவர் போன்ற சிலருக்கன்றி, இத்தகைய குடும்ப வழக்குகளில் அரசின் சட்ட உதவி பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. அங்கு வாழும் தமிழர் பலர் தாமே வாதாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். விலக்கும் நடத்தை நிகழ்ந்ததா என்பது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய உண்மை நிலையேயன்றி, வல்லுநர் கண்டறியும் நோயன்று என்று அந்நாட்டின் குடும்ப நீதி மன்றம் எனப்படும் ஆலோசனை அமைப்பு 2024 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியதும் ஏறத்தாழ இதுவே.